படம் வந்து சேர்ந்ததா?



சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் எங்கள் இல்லத்தில் ஒரு பெண் மகவு பிறந்தது. மகளின் முதற்பேறு; எங்களுக்குப் பேத்தி. நாங்கள் மைசூருவில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. உற்றார் உறவினரிற் பெரும்பாலோர் இன்றும் காவிரிக்கரையிலே, திருவையாற்றை அடுத்த சிற்றூரில் வாழ்கின்றனர். அவர்களுள் மூத்தவர் எங்கள் தமக்கையார். அகவை எண்பத்து நான்கு. தாயை இளமையிலே இழந்த எங்களைத் தாயாக இருந்து வளர்த்தவர் அவர். கும்பகோணம், தஞ்சை வழியாக மைசூருக்கு வரும் இரவு இரயிலில் முன்பெல்லாம் முறுக்கும் வடகமும் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார். இப்பொழுது முழங்கால் இடங்கொடுப்பதில்லை. ஆகவே, குழந்தையை நேரிற் காண இயலாத அவர் கேட்டது ஒன்றே ஒன்று: குழந்தையின் படம்.

'இதுவும் ஒரு பெரிய காரியமா? ஒரு நொடியில் அனுப்பிவிடலாமே' என்று நேயர்கள் எண்ணலாம். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். ஆனால் தமக்கையாரிடம் உள்ளது திறன்பேசி அன்று. பொத்தான்களை அமுக்கிப் பேசும் சிறிய கைப்பேசி. விரலுக்குப் பழகிய பொத்தானை விட்டு, தொட்டால் ஓடும் கண்ணாடித் திரைக்கு மாற அவர் இசையவில்லை. 'பக்கத்து வீட்டுப் பிள்ளையின் திறன்பேசிக்கு அனுப்புகிறோம், அக்கா. அவன் காட்டுவான்' என்று சொல்லிப் பார்த்தோம். அதற்கு அவர் சொன்ன மறுமொழி எங்கள் வாயை அடைத்துவிட்டது. 'பிறத்தியார் கையில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற படம் எனக்கு எதற்கு, தம்பி? நினைத்தபோது எடுத்துப் பார்க்க என் கையிலேயே இருக்க வேண்டாமா?' என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய கைப்பேசியிலும் சிறியதொரு வண்ணத் திரை உண்டு. படச்செய்தியை ஏற்கும் ஆற்றலும் உண்டு. ஆகவே, எம்.எம்.எஸ். என்று வழங்கும் அப்படச்செய்தியின் வழியே குழந்தையின் முகத்தை அனுப்புவதென்று முடிவு செய்தோம். மூன்று நாட்கள் போராடிய பின்னரே அது கைகூடிற்று. அம்மூன்று நாட்களில் நாங்கள் கற்றதை, எங்களைப் போலவே பிற மாநிலங்களில் ப்ரீபெய்டு இணைப்பை வைத்துக்கொண்டு வாழும் தமிழன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

மைசூருவில் இருந்துகொண்டு இதனைப் பேசுவதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசாமி அவர்கள், 1935-ஆம் ஆண்டில் இந்நகரில் தம்முடைய இல்லத்திலேயே சிறியதொரு ஒலிபரப்பியை நிறுவினார். அந்நிலையத்திற்கு 'ஆகாசவாணி' என்ற பெயர் வழங்கிற்று. பின்னாளில் நாடு முழுவதற்குமான வானொலிக்கும் அப்பெயரே வாய்த்தது. அதே 1935-ஆம் ஆண்டின் முதல் நாளில், அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம், செய்திப் படங்களைத் தொலைபேசிக்கம்பி வழியே ஊர்தோறும் அனுப்பும் பணியைத் தொடங்கியது. ஒலியை வானில் ஏற்றும் முயற்சி இங்கே. உருவத்தைக் கம்பியில் ஏற்றும் முயற்சி அங்கே. இவ்விரண்டும் ஒருங்கே நம் சட்டைப் பைக்குள் வந்து அமர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கைப்பேசிப் படத்தின் வரலாறும் ஒரு குழந்தையின் முகத்தோடுதான் தொடங்குகிறது. 1997-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், கலிபோர்னியாவில் உள்ள சாந்தா குரூஸ் நகரின் மகப்பேற்று மருத்துவமனையில், பிலிப் கான் என்பவர் தமக்குப் பிறந்த பெண் குழந்தையைப் படம் எடுத்தார். ஒரு படக்கருவியையும், ஒரு மடிக்கணினியையும், ஒரு கைப்பேசியையும் தாமே இணைத்து, அப்படத்தை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட உறவினர்க்கும் நண்பர்க்கும் உடனே அனுப்பிவைத்தார். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் படம் எடுத்து அனுப்பும் கைப்பேசி கடைகளுக்கு வந்தது. 2002-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் டெலிநார் நிறுவனம் படச்செய்திச் சேவையை மக்களுக்குத் திறந்துவிட்டது. நம் நாட்டில் கைப்பேசியின் முதல் அழைப்பே 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு அவர்கள் தில்லியில் இருந்த சுக்ராம் அவர்களோடு பேசியதாகும் என்பதை நினைத்துப் பார்த்தால், இம்மாற்றத்தின் வேகம் விளங்கும்.

இனி, படச்செய்தி எவ்வாறு செல்கிறது என்பதைப் பார்ப்போம். இது விளங்கிவிட்டால், எங்கே தடைப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது.

சாதாரணக் குறுஞ்செய்தி என்பது அஞ்சலட்டை போன்றது. எழுதினோம், போட்டோம், தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதில் இடமும் குறைவு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்தாயின் 160 அதில் அடங்கும். தமிழில் எழுதினாலோ 70 குறியீடுகளே அடங்கும். அதிலும் 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கருவியின் கணக்கிலோ த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து. நீளமாக எழுதினால் அது பல துண்டுகளாகப் பிரிந்து செல்லும். சில கருவிகள் அத்தகைய நீண்ட செய்தியை நம்மைக் கேளாமலே படச்செய்தியாக மாற்றி அனுப்பிவிடுவதும் உண்டு. படம் எதுவும் வையாமலே 'படச்செய்திக் கட்டணம்' என்று கணக்கில் கழிந்திருப்பதைக் கண்டு திகைப்பவர்கள் இதனை நினைவிற்கொள்க.

படச்செய்தியோ பொட்டலம் போன்றது. பொட்டலத்தை வாயிற்படியில் வைத்துவிட்டுப் போக இயலாதபோது தபால்காரர் என்ன செய்கிறார்? 'உங்களுக்கொரு பொட்டலம் வந்திருக்கிறது. அலுவலகத்திற்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள்' என்று ஒரு சீட்டை விட்டுச் செல்கிறார். நாம் சீட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்குச் சென்று பொட்டலத்தை வாங்கி வருகிறோம். படச்செய்தியும் அவ்வாறே. நாம் அனுப்பும் படம் முதலில் நம் தொலைபேசி நிறுவனத்தின் படச்செய்தி நிலையத்தைச் சென்றடைகிறது. அது இணையத்தின் வழியே, அதாவது மொபைல் டேட்டாவின் வழியே செல்கிறது. பிறகு, பெறுவோருடைய கைப்பேசிக்குச் சீட்டு ஒன்று அனுப்பப்படுகிறது. அச்சீட்டு குறுஞ்செய்தியின் வழியே செல்கிறது. சீட்டைக் கண்ட கைப்பேசி, மீண்டும் மொபைல் டேட்டாவின் வழியே நிலையத்தை அணுகிப் படத்தை இறக்கிக்கொள்கிறது. போட வேண்டும், சீட்டு வர வேண்டும், போய் எடுக்க வேண்டும். இம்மூன்றில் எந்த ஒன்று தவறினும் படம் நடுவழியிலே நின்றுவிடும். நிலையமும் பொட்டலத்தை என்றென்றும் காத்துக்கொண்டிராது. சில நாட்கள் வைத்திருந்து அழித்துவிடும்.

இந்த உண்மை எங்களுக்கு முதல் நாளில் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று நாட்கள் வீணாகியிரா.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறோம். பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் புதிதாக ஒரு திறன்பேசி வாங்கினோம். எங்களிடம் இரண்டு இணைப்புகள், இரண்டும் ப்ரீபெய்டு. ஒன்று தமிழ்நாட்டில் வாங்கியது. வங்கிக் கணக்கும், உறவினர் அனைவரின் நினைவும் அந்த எண்ணோடு பிணைந்திருப்பதால் இன்றளவும் விடாமல் வைத்திருக்கிறோம். மற்றொன்று கர்நாடகத்தில் வாங்கியது. தமிழ்நாட்டு சிம் பழைய காலத்துப் பெரிய அட்டை. புதுக் கருவியிற் பொருந்தாது. எனவே, அன்றைக்கே அதனைக் கொடுத்துச் சிறிய சிம் மாற்றி வாங்கினோம். படம் எடுத்தோம், அனுப்பினோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின் 'அனுப்ப இயலவில்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மாலையில் அக்காள் தொலைபேசியில் அழைத்து, 'படம் வந்து சேரவில்லையே, தம்பி' என்றார்.

அன்றைய தவறுகள் மூன்று என்பது பின்னரே விளங்கிற்று. முதலாவது, வீட்டில் வைஃபை இருக்கிறதே என்று மொபைல் டேட்டாவை அணைத்து வைத்திருந்தோம். வைஃபையில் வாட்ஸ்அப் செல்லும், படச்செய்தி செல்லாது. அது தொலைபேசி நிறுவனத்தின் சொந்த வழியிலே மட்டும் செல்வது. டேட்டாவை அணைத்திருந்தாலும் படச்செய்திக்கு மட்டும் வழி திறக்கும் வசதி சில கருவிகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. இரண்டாவது, கருவியில் டேட்டாவிற்குக் கர்நாடக சிம்மைத் தேர்ந்திருந்தோம். செய்தியையோ தமிழ்நாட்டு சிம்மிலிருந்து அனுப்பினோம். பல கருவிகளில் இது தடையாகும். எந்த சிம்மிலிருந்து படம் செல்கிறதோ, அந்த சிம்மிற்கே டேட்டாவும் இருத்தல் வேண்டும். அந்த சிம் வேறு மாநிலத்து வட்டத்தைச் சேர்ந்ததாயின், 'டேட்டா ரோமிங்' என்னும் விசையையும் திறந்து வைத்தல் வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்கள் மறந்துவிடும் விசை இதுவே.

மூன்றாவது தவறு எங்களுடையது அன்று, காலத்தினுடையது. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்திற்குக் குறுஞ்செய்தி வருவதும் போவதும் நிறுத்தி வைக்கப்பட வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. பிறர் நம் பெயரில் கள்ளத்தனமாக சிம் வாங்கி வங்கிப் பணத்தைக் களவாடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதிய கருவிக்கு வேண்டிய அமைப்பு விவரங்களை நிறுவனங்கள் பெரும்பாலும் குறுஞ்செய்தியாகவே அனுப்புகின்றன. அது வராமற் போனமையால் எங்கள் கருவி வழி தெரியாமல் நின்றது.

இரண்டாம் நாள் கடைத்தெருவிற்குச் சென்றோம். கைப்பேசி பழுது பார்க்கும் சிறு கடையொன்றில் இருந்த இளைஞர் கருவியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்; ஐந்நூறு ரூபாய் ஆகும்' என்றார். 'இப்பொழுது ஒரு எண் குறுஞ்செய்தியாக வரும். அதைப் படித்துச் சொல்லுங்கள்' என்றும் கேட்டார். உள்ளதையெல்லாம் அழிப்பதென்றால், பிறந்த நாள் முதலாக எடுத்த குழந்தையின் படங்கள் யாவும் அழிந்துவிடுமே என்று மகள் பதறினாள். கருவியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். படச்செய்தியைச் சீராக்குவதற்குக் கருவியை முழுதும் அழிக்க வேண்டிய தேவை மிக அரிது. ஒரு முறைக்கு மட்டும் வரும் கடவு எண்ணை எவரிடமும் படித்துச் சொல்ல வேண்டிய தேவையோ அறவே இல்லை. அவ்வாறு சொல்லிப் பணம் இழந்தவர்கள் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். அந்த இளைஞர் தீய எண்ணத்தோடு கேட்டார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அறியாதவன் கையில் கருவி இருக்கிறது என்றால், அறிந்தவன் சொல்வதே சட்டமாகிவிடுகிறது. வந்தேறிய ஊரில் இந்நிலை இருமடங்கு. ஆகையால்தான் சிறிதேனும் அறிந்துகொள்ளுங்கள் என்று வேண்டுகிறோம்.

மூன்றாம் நாள் தொலைபேசி நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தோம். குறைகளைச் சொல்ல 198 என்னும் எண் நாடெங்கும் பொதுவாக உள்ளது. அதற்குக் கட்டணம் இல்லை. கன்னடத்தில் பேசிய அம்மையார் மிகவும் பொறுமையோடு, ஒவ்வொரு வரியாகச் சொல்லிச் சொல்லி எழுதச் செய்தார். முப்பது ஆண்டுகளாகக் கற்ற கன்னடம் அன்று கைகொடுத்தது.

அவர் எழுதச் செய்தது 'ஏ.பி.என்.' என்னும் பகுதியை. இதுவே படச்செய்தியின் நாடி. கருவியின் 'செட்டிங்ஸ்' என்னும் அமைப்புப் பகுதிக்குள் சென்று, மொபைல் நெட்வொர்க் அல்லது சிம் என்னும் தலைப்பைத் திறந்தால், 'ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதனுள்ளே இணையத்திற்கென ஒரு பதிவு ஏற்கெனவே இருக்கும். அதனைத் தொடாமல், கூட்டல் குறியை அமுக்கிப் படச்செய்திக்கெனத் தனியாகப் புதிய பதிவு ஒன்று தொடங்குக. அதில் நிரப்ப வேண்டியவை சிலவே. முதலில் நமக்கு அடையாளமாக ஒரு பெயர். அடுத்து நிறுவனம் சொல்லும் ஏ.பி.என். பெயர். அடுத்து 'எம்.எம்.எஸ்.சி.' என்னும் இடத்தில் படச்செய்தி நிலையத்தின் முகவரி. அதன் கீழே எம்.எம்.எஸ். பிராக்ஸி, எம்.எம்.எஸ். போர்ட் என்னும் இரண்டு எண்கள். இறுதியாக 'ஏ.பி.என். டைப்' என்னும் இடத்தில் 'எம்.எம்.எஸ்.' என்ற மூன்றெழுத்தைச் சிறிய ஆங்கில எழுத்தில் இடுதல் வேண்டும். இக்கடைசி இடத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகின்றனர். கருவி அப்பதிவை எதற்குப் பயன்படுத்துவது என்று அறியாமல் குழம்பிவிடுகிறது.

ஒரு புள்ளியோ, ஒரு சாய்கோடோ பிழைபட்டாலும் செய்தி செல்லாது. தபால் முகவரியில் ஊர்ப்பெயர் மாறியது போலாகும். 'எம்.சி.சி.', 'எம்.என்.சி.' என்று இரண்டு எண்கள் தாமே நிரம்பியிருக்கும். முன்னது நாட்டைக் குறிப்பது. நம் நாட்டிற்கு 404 அல்லது 405. பின்னது நிறுவனத்தையும் வட்டத்தையும் குறிப்பது. இவற்றைத் தொடவே கூடாது. மாற்றினால் நாம் எழுதிய பதிவே பட்டியலில் தோன்றாமல் மறைந்துவிடும். எழுதி முடித்தபின், மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'சேவ்' என்று சேமித்து, கருவியை ஒருமுறை அணைத்து ஏற்றுக. ஐபோன் வைத்திருப்போர், அமைப்புப் பகுதியில் 'மெசேஜஸ்' என்பதனுள் 'எம்.எம்.எஸ். மெசேஜிங்' என்னும் விசை திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்க.

இவற்றையெல்லாம் முடித்துப் படத்தை அனுப்பினோம். 'சென்றது' என்று கருவி காட்டிற்று. வீடே மகிழ்ந்தது. உடனே அக்காளை அழைத்தோம். அவரோ, 'ஏதோ ஒரு சேதி வந்திருக்கிறது, தம்பி. திறந்தால் ஒன்றும் இல்லை' என்றார்.

இங்கேதான் அந்தப் பொட்டலச் சீட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 'சென்றது' என்று எங்கள் கருவி சொன்னதற்குப் பொருள், படம் நிலையத்தை அடைந்தது என்பதே; அக்காளின் கையை அடைந்தது என்பதன்று. அவருக்கு வந்தது சீட்டு. பொட்டலத்தை எடுத்துவர அவருக்கு வழியில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. இணையம் வேண்டாத முதியோருக்கும் மற்றோருக்கும், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட தனித் திட்டம் ஒன்றையேனும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் விதி வகுத்தது. வேண்டாத டேட்டாவிற்கு ஏன் பணம் கொடுப்பது என்று நாங்களே அக்காளுக்கு அத்திட்டத்தைப் போட்டிருந்தோம். சிக்கனம் என்று நாங்கள் செய்ததே சீட்டு வந்தும் பொட்டலம் வாராமைக்குக் காரணமாயிற்று!

மைசூருவில் இருந்தபடியே அவருடைய எண்ணுக்குச் சிறியதொரு டேட்டா ரீசார்ஜ் செய்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவருடைய கைப்பேசியில் டேட்டா விசையைத் திறந்து வைத்தான். சீட்டை மீண்டும் திறந்ததும் படம் இறங்கிற்று. சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பின்னர், 'காதைப் பார்த்தாயா, தம்பி? நம் அப்பாவின் காது' என்றார். நாங்கள் மூன்று நாட்களாகக் குழந்தையைக் கையிலேயே வைத்திருந்தோம்; அதனை நாங்கள் காணவில்லை. தந்தையாரின் முகத்தைத் தெளிவாக நினைவில் வைத்திருப்பவர் எங்கள் குடும்பத்தில் இப்பொழுது அவர் ஒருவரே. சிறிய திரையில், விரற்கடை அளவுள்ள படத்தில் அவர் அதனைக் கண்டுகொண்டார்.

இனி, இதே முயற்சியில் இறங்கும் அன்பர்களுக்காகச் சுருக்கமாக ஒழுங்குபடுத்திச் சொல்கிறோம்.

ஒன்று: உங்கள் நிறுவனம், உங்கள் திட்டத்தில் படச்செய்தியை அனுமதிக்கிறதா, கட்டணம் என்ன என்பதைச் சேவை எண்ணில் முதலிலேயே கேட்டறிக. ப்ரீபெய்டு இணைப்பில் ஒவ்வொரு செயலுக்கும் முன்னர் இருப்புத் தொகை சரி பார்க்கப்படுகிறது. திட்டத்தில் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்தி உண்டு என்றிருந்தால், படச்செய்தியும் அதில் அடங்கும் என்று கொள்ளற்க. பெரும்பாலும் அது முதன்மை இருப்பிலிருந்தே கழியும். முதன்மை இருப்பு வெறுமையாயின், டேட்டா நிறைய இருந்தும் படம் செல்லாது.

இரண்டு: மொபைல் டேட்டா திறந்திருக்கிறதா, சரியான சிம்மில் இருக்கிறதா, வெளிமாநில சிம்மாயின் ரோமிங் விசை திறந்திருக்கிறதா என்று பார்க்க.

மூன்று: சிம் புதிதாக மாற்றியதாயின் ஒரு நாள் பொறுக்க.

நான்கு: ஏ.பி.என். பதிவை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க. இணையப் பதிவை அழிக்கற்க.

ஐந்து: படத்தின் அளவைக் குறைக்க. திறன்பேசியில் எடுக்கும் படம் பல மெகாபைட்டு இருக்கும். படச்செய்தி நிலையங்கள் ஏற்பது பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டே. பல கருவிகள் தாமே சுருக்கிக்கொள்ளும். முகம் மட்டும் தெரியும்படி வெட்டி அனுப்பினால், சிறிய திரையிலும் முதியோர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். வீடு, தொட்டில், உறவினர் பதின்மர் என்று அனைத்தையும் ஒரே படத்தில் அடக்கினால், அவர்களுக்குப் புள்ளிகளே தோன்றும்.

ஆறு: பெறுவோரின் கைப்பேசி படச்செய்தியை ஏற்குமா, அவரிடம் டேட்டா இருக்கிறதா என்பதை அனுப்புவதற்கு முன்பே விசாரிக்க. எங்களைப் போல மூன்றாம் நாள் மாலையில் விசாரிக்க வேண்டாம்.

இரு முனையிலும் திறன்பேசி இருந்தால் வாட்ஸ்அப் போன்றவையே எளியவை, செலவும் குறைந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. படச்செய்தி என்பது அவ்வாறு இல்லாதவர்களை எட்டுவதற்கான வழி. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம் ஆகியவற்றின் படங்களை இவ்வழியே அனுப்பற்க. அவை நடுவிலுள்ள நிலையத்தில் தங்கிச் செல்பவை. மேலும், சுருங்கிய படம் அச்சிடுவதற்கு உதவாது. மூலப் படத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். இயன்றால், அச்சிட்ட படம் ஒன்றை அஞ்சலிலும் அனுப்புங்கள். நாங்கள் அவ்வாறே செய்தோம்.

வெளிமாநிலத் தமிழர்க்கு மற்றொன்றும் கூற வேண்டும். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கைப்பேசிச் செய்திகளும் படங்களும் பரப்பிய வதந்தியால் அஞ்சி, வடகிழக்கு மாநிலத்து மக்கள் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவை விட்டு இரயிலேறினர். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே. அவ்வதந்தியைத் தடுக்க, மொத்தமாக அனுப்பப்படும் குறுஞ்செய்திகளுக்கும் படச்செய்திகளுக்கும் நடுவண் அரசு ஆகஸ்டு 17-ஆம் நாள் முதல் 15 நாட்களுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. எங்கோ, என்றோ எடுத்த ஒரு படம், இடமும் காலமும் மாறி இன்னோர் ஊரில் அச்சத்தை விதைக்க வல்லது. அயலூரில் வாழ்பவனுக்கு ஊரின் அமைதியே கூரை. ஆகவே, யார் எடுத்தது, எப்பொழுது எடுத்தது என்று அறியாத படம் எதனையும் நம் கை மேலே அனுப்பலாகாது. கன்னட அம்மையார் ஒருவர் பொறுமையோடு சொல்லித் தந்த வழியில்தான் எங்கள் பேத்தியின் முகம் காவிரியின் கீழ்க்கரையைச் சென்றடைந்தது என்பதை நாங்கள் மறவோம்.

ஐப்பசியில் குழந்தையை எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்றிருந்தோம். அக்காள் எங்களை வரவேற்றுக் குழந்தையை மடியில் வாங்கியதும் முதலில் செய்தது, இடுப்பில் செருகியிருந்த கைப்பேசியை எடுத்து, படத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்ததுதான். 'வளர்ந்துவிட்டாள், புதுப் படம் அனுப்ப வேண்டும்' என்றார். அதற்காகவே இப்பொழுது திங்கள்தோறும் அவருடைய எண்ணுக்குச் சிறியதொரு டேட்டா ரீசார்ஜ் தனியே செய்து வருகிறோம்.

நேயர்களே, உங்கள் ஊரிலும் பொத்தான் கைப்பேசியை இடுப்பிலோ தலையணைக்கு அடியிலோ வைத்துக்கொண்டு காத்திருக்கும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். இன்று மாலையே அவரை அழையுங்கள். அவருடைய கைப்பேசி படத்தை ஏற்குமா என்று கேளுங்கள். அனுப்பிய பின்னர் உங்கள் கருவி 'சென்றது' என்று சொல்வதோடு அமையாமல், 'படம் வந்து சேர்ந்ததா?' என்று அவரிடமே ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.